சூடாறுமுன் அளந்த காற்று

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாக இருக்க வேண்டியது. எங்கள் பழைய கார் சங்கத்தின் மாத இதழுக்கு, 'நம் காருக்கு எத்தனை பாயிண்ட் காற்று?' என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். இதே தலைப்பில் ஏற்கெனவே நான்கு முறை எழுதியிருக்கிறேன். சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். பழைய ஆட்கள் சாகும்வரை சண்டை போடுவதும் அதைப் பற்றித்தான். (சாகும்வரை என்ற சொல் தானாக வந்து விழுந்தது. அடிக்கப் போனேன். இருந்துவிட்டுப் போகட்டும்.)

ஆங்கிலத்தில் முதல் வரியை எழுதினேன்: 'அளப்பதற்கு முன் டயரைச் சூடாற விடுங்கள்.' எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. இரண்டாவது வரி வரவில்லை. தாளைத் திருப்பிப் போட்டுத் தமிழில் ஆரம்பித்தேன்.

தமிழில் ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சங்கத்தில் நூற்று நாற்பது பேர். என்னைத் தவிர ஒருவருக்கும் தமிழ் தெரியாது. நான் குடியிருக்கும் இந்த ஆங்கிலேய மாவட்டம் ஷ்ராப்ஷர் முழுக்கச் சலித்தாலும் இதைப் படிக்கக்கூடியவர்கள் பத்துப் பேர் தேறமாட்டார்கள். இதில் வரப்போகும் தெல்மாவால் படிக்கவே முடியாது. அதனால்தான் இவ்வளவு தாராளமாக எழுதுகிறேன். இதைத் துணிச்சல் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

விஷயம் இவ்வளவுதான். என் நண்பன் டென்ஸில் மேடக்ஸ் ஜூலை மாதம் தன் காரோடு கவிழ்ந்து செத்தான். மரண விசாரணை நாளை மறுநாள், வியாழக்கிழமை, ஷ்ரூஸ்பரியில். அவன் மனைவி தெல்மா அங்கே எழுந்து நின்று, தன் புருஷன் சாவுக்குத் தான்தான் காரணம் என்று சொல்லப் போகிறாள். காரணம் அவள் இல்லை. நான். அது எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

2

கதை என்றால் ஒழுங்கான தொடக்கம் வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: 'மழை விட்டிருந்த மலைச்சரிவில் அந்தப் பச்சைக் கார் சக்கரங்கள் வானத்தைப் பார்க்கக் கிடந்தது.' கிடந்தது உண்மைதான். ஆனால் எழுதி முடித்ததும் அந்த வரி எனக்குப் பிடித்துப்போய்விட்டது. இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'எழுபத்து நான்கு வயதிலும் டென்ஸிலைப் போல வளைவில் கார் திருப்ப எங்கள் பக்கத்தில் ஆள் இல்லை.' இது அஞ்சலிக் குறிப்பு. சங்க இதழில் இதை நான்தான் எழுதினேன். உருக்கமாக இருந்தது என்று எல்லோரும் பாராட்டினார்கள். தெல்மா அதைக் கத்தரித்துச் சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டியிருக்கிறாள். அவள் வீட்டுக்குப் போனால் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன்.

மூன்றாவது: 'பின்சக்கரங்கள் இரண்டிலும் இருபது பாயிண்ட்.' இது நான் எழுதியதல்ல, போலீஸ் அறிக்கையில் உள்ள வரி. இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆனால் அதன் கனம் உங்களுக்குத் தெரிய வேண்டுமானால் முதலில் ஒரு சண்டையைச் சொல்லியாக வேண்டும்.

3

எங்கள் கார் பெல்ஃபோர்டு. இரண்டு பேர் உட்காரலாம், கூரை கிடையாது, 1962 மாடல். பார்க்க லட்சணமாக இருக்கும். அதற்கு ஒரே ஒரு கெட்ட குணம்: வளைவில் வேகமாகத் திரும்பினால் பின்சக்கரங்கள் உள்ளுக்குள் மடங்கப் பார்க்கும். பின்னால் காற்று குறைவாக இருந்தால் சொல்லவே வேண்டாம், வால் சுழன்று முன்னால் வந்துவிடும். அதனால் இந்தக் காருக்கு முன்னைவிடப் பின்னால் எப்போதும் கூடுதலாகக் காற்று இருக்க வேண்டும். இதில் யாருக்கும் சண்டை இல்லை. எவ்வளவு கூடுதல் என்பதில்தான் சண்டை.

காரோடு கொடுத்த கைப்புத்தகத்தில் முன்னால் இருபது, பின்னால் இருபத்துநாலு என்று போட்டிருக்கிறது. ஆனால் அது அந்தக் காலத்து டயருக்குச் சொன்ன கணக்கு. அந்த டயர் இப்போது வருவதில்லை. இப்போதைய டயர் வேறு ஜாதி. ஆகவே சரியான எண் எது என்பது யாருக்கும் தெரியாது. தெரியாத விஷயம் என்பதால் எல்லோரும் நிச்சயமாகப் பேசுவார்கள். சங்கத்தில் இரண்டு கட்சி உண்டு. புத்தகக் கட்சிக்கு நான் தலைவர். ரோட்டுக் கட்சிக்கு டென்ஸில்.

டென்ஸிலின் முறை இது. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளந்துகொள்வான். பிறகு காரை எடுத்துக்கொண்டு மலைமேல் நன்றாக விரட்டி ஓட்டுவான். நிறுத்திய கையோடு சூட்டிலேயே மறுபடி அளப்பான். நாலு பாயிண்ட் ஏறியிருந்தால் காலையில் வைத்த காற்று சரி. நாலுக்கு மேல் ஏறினால் வைத்தது போதவில்லை. நாலுக்குக் கீழே என்றால் அதிகம். இப்படி இரண்டு வருஷம் கூட்டிக் குறைத்து, பின்னால் இருபத்தாறு, முன்னால் இருபத்திரண்டு என்ற முடிவுக்கு வந்திருந்தான்.

"புஸ்தகம் எழுதினவன் போய்ச் சேந்து முப்பது வருஷம் ஆச்சு டோனி. அந்த டயர் கம்பெனியும் போய்ச் சேந்தாச்சு. நீ ஒருத்தன்தான் இன்னும் துக்கத்துக்கு உக்காந்திருக்க," என்பான்.

"காரைச் செஞ்சவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்."

"அவன் செஞ்சான். ஓட்டுறது நான்ல."

"ஓட்டுறியா, ஒப்பேத்துறியா?"

"பக்கத்துல வந்து உக்காந்து பாரு. உன் புஸ்தகத்தையும் மடியில வச்சுக்க, கண்ண மூடிக்கறதுக்கு ஆகும்."

நான் அந்தோணிசாமி. இங்கே டோனி. முப்பத்தொரு வருஷம் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். ஜூன் மாதக் கூட்டத்தில் முப்பது பேர் முன்னால் டென்ஸில் என்னைக் காட்டிச் சொன்னான்: "இவனக் குத்தம் சொல்லாதீங்கய்யா. மருந்துக்கடைக்காரன் புத்தி. சீட்டுல என்ன எழுதியிருக்கோ அதத்தான் குடுப்பான். நோயாளி செத்தா என்ன, பொழச்சா என்ன." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வேலையில் ஒரு சீட்டைக்கூட நான் தப்பாகக் கொடுத்ததில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனேன்.*

* ஆங்கிலத்தில் நீ, நீங்கள் எல்லாம் ஒன்றுதான். தமிழில் எழுதும்போது நான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. டென்ஸிலுக்கும் எனக்கும் 'நீ' என்பதில் சந்தேகமே இல்லை. தெல்மா என்னை 'நீங்கள்' என்றுதான் சொல்வாள் என்று வைத்துக்கொண்டேன். அவள் அப்படி மதிப்பதாக எழுதிக்கொள்வது எனக்கு ஒரு சின்ன தண்டனை.

4

தெல்மாவைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். அவளை அழுகிற விதவையாக எழுதினால் எனக்குச் சுலபம். அவள் அப்படி இல்லை. பஸ் ஓட்டுநராக இருந்தவள். இரண்டு முறை மேயரோடு சண்டை போட்டவள். பழைய கார்கள் என்றாலே அவளுக்கு ஆகாது. "தகரத்துக்குப் பாலிஷ் போடற கூட்டம்," என்பாள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் கொட்டகையில் அரைமணி நேரம் டென்ஸிலோடு நிற்பாள். அவன் காலால் பம்ப் அடிப்பான். அவள் காற்றழுத்தம் காட்டும் கேஜை வால்வில் வைத்து எண்ணைப் படித்துச் சொல்வாள். அந்தக் கேஜ் பித்தளை, உள்ளங்கை அகலம், தோல் பையில் இருக்கும். டென்ஸில் இளவயதில் மலையேற்றப் பந்தயங்களுக்குப் போனபோது வாங்கியது. அவள் சொன்ன எண்ணை அவன் செங்கல் சுவரில் சாக்பீஸால் தேதி போட்டு எழுதுவான்.

"இருபத்தாறு."

"நல்லாப் பாத்துச் சொன்னியா?"

"இல்ல, கனவு கண்டு சொன்னேன். எழுதுங்க."

ஒன்றிரண்டு ஞாயிறு நானும் அங்கே நின்றிருக்கிறேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. என் மனைவி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. என் டயருக்கு நானே குனிந்து நானே படித்து நானே எழுதிக்கொள்கிறேன்.

இந்த வருஷம் தெல்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. அறுவைக்கு வரிசையில் காத்திருக்கிறாள். கேஜை மூக்குவரை கொண்டுபோய்ப் படிப்பாள். டென்ஸில் ஒன்றும் சொல்லமாட்டான். படிக்கிற வேலையை அவளிடமிருந்து வாங்கவும் இல்லை. சுவரில் கடைசியாக இருக்கும் தேதி ஜூலை இரண்டாம் ஞாயிறு. முன்னால் 22. பின்னால் 26.

சுவரில் இருபத்தாறு. போலீஸ் அறிக்கையில் இருபது (முன்டயர்கள் கிழிந்துபோயிருந்ததால் அவற்றை அளக்க முடியவில்லை). இடையில் ஆறு பாயிண்ட் காற்று எங்கே போயிற்று என்பதுதான் இந்தக் கதை.

5

அந்த ஞாயிறு சங்கத்துப் பதினொரு கார்கள் கிளம்பின. லட்லோவில் புறப்பட்டு மலைப்பாதையில் நாற்பது மைல் ஓடி, ஒரு பப்பில் மதியச் சாப்பாடு, பிறகு அவரவர் வீடு. வெயில் கொளுத்தியது. கண் கூசும் என்று தெல்மா வரவில்லை. டென்ஸில் முன்னால் பறந்தான். நான் அவன் பின்னால்.

பப் வாசலில் நிறுத்தியதும் அவன் உள்ளே சாப்பாடு சொல்லப் போனான். வாசலில் திரும்பி, "உனக்கு ஆடா மாடா?" என்று கத்தினான்.

"ஆடு."

"புஸ்தகத்துல அப்பிடித்தான் போட்டிருக்கா?"

எல்லோரும் உள்ளே போனார்கள். நான் மட்டும் நின்றேன். என் சட்டைப்பையில் என் கேஜ் இருந்தது. அவன் பின்சக்கரத்தில் வைத்து

(நிறுத்தினேன். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவிவிட்டு வந்தேன். மறுபடி.)

அவன் பின்சக்கரத்தில் வைத்து அழுத்தினேன். முப்பது காட்டியது. மற்றதிலும் முப்பது. எனக்கு அப்போது உண்டான சந்தோஷத்தைக் குறைக்காமல் எழுத வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதை எழுதுவதில் அர்த்தமே இல்லை. இருபத்தாறு, இருபத்தாறு என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டு முப்பது வைத்து ஓட்டுகிறான், கள்ளன் கையும் களவுமாக அகப்பட்டான் என்று குதித்தது மனசு. டயரைத் தொட்டபோது அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பாத்திரம் மாதிரிச் சுட்டது. சூட்டில் அளந்தால் எண் கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள் என்று நான்கு கட்டுரையில் எழுதியவன் நான். சங்கத்தில் புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தப்பே இதுதான். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை. கை சுட்டது எனக்குத் தெரிந்தது. முப்பது என்ற எண் அதைவிட இனிப்பாக இருந்தது.

இரண்டு சக்கரத்திலும் இருபத்துநாலுக்கு இறக்கினேன். புத்தகத்தில் உள்ள எண். திரும்பி வீடு போய்ச் சேர்ந்ததும், "வண்டி எப்படி ஓடிச்சு?" என்று கேட்பேன். "பிரமாதம்" என்பான். அப்போது சொல்லிவிட்டு அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க ஆசைப்பட்டேன். இதுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று கிடைக்குமா என்று நாலு மாதமாகத் தேடுகிறேன்.

உள்ளே போனேன். ஆட்டுக்கறி நன்றாக இருந்தது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வெளியே மழை பிடித்து ஊற்றிவிட்டு நின்றது. டயர் ஆறியது. சூட்டில் நான் இருபத்துநாலாக விட்டுவந்த காற்று ஆறி இருபதுக்கு இறங்கியது. முன்சக்கரத்தில் இருபத்திரண்டு, பின்சக்கரத்தில் இருபது. எந்தக் காரில் பின்னால் குறையவே கூடாதோ அந்தக் காரில்.

இறக்கத்தில் மூன்றாவது வளைவு. ஈரம். அவன் எப்போதும் திரும்புகிற மாதிரித்தான் திரும்பினான். பின்பக்கம் மெதுவாக வெளியே வந்தது, அவன் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வளைப்பதை நான் பார்த்தேன், அதற்குள்

(இந்த வாக்கியத்தை ஏழு முறை எழுதிவிட்டேன். முடிப்பதாக இல்லை.)

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அடக்கம் முடிந்த அன்றுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில் இருபத்தாறு. ஓட்டி நிறுத்தியதும் முப்பது. சரியாக நாலு பாயிண்ட். அவன் இரண்டு வருஷம் தேடிய எண் சரி. சண்டையில் அவன்தான் ஜெயித்தான். அதற்கு அத்தாட்சி என் கேஜில்தான் தெரிந்தது, பார்த்தவன் நான் ஒருவன்தான், பார்த்த கையோடு அதைத் திறந்து காற்றில் விட்டவனும் நான்தான்.

6

போலீஸில் ஒரு இளம்பெண் வந்து எங்கள் பதினொரு பேரில் மிஞ்சிய பத்துப் பேரிடமும் ஒரே கேள்வி கேட்டாள். "சாப்பாட்டு நேரத்துல அவர் வண்டிய யாராச்சும் தொட்டீங்களா?"

"டென்ஸில் தன் வண்டிமேல யாரையும் கை வைக்க விடமாட்டான்," என்றேன்.

உண்மையான வாக்கியம். எழுதிக்கொண்டாள். நன்றி என்று சொல்லிவிட்டுப் போனாள். இத்தனை வருஷம் எழுதி நான் கற்றதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயன்பட்டது.

அறிக்கையில், காற்றுக் குறைவு 'விபத்துக்கு ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும்' என்று எழுதியிருக்கிறார்கள். இருந்திருக்கக்கூடும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் தொங்கினேன். ஈர ரோடு, எழுபத்து நான்கு வயது, சாப்பாட்டோடு அரை டம்ளர் பீர். இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த வளைவில் அவன் நாற்பது வருஷம் திரும்பியிருக்கிறான். அன்றைக்குப் புதிதாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

7

இந்த டோனி என்ற பாத்திரம் நம்பும்படியாக இல்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றுகிறது. ஒரு கேலிப்பேச்சுக்காக நண்பனின் டயரில் காற்றை இறக்குவானா ஒருவன்? ஆகவே அவனை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டுப் பார்த்தேன். பப்பில் சாப்பிட வந்த யாரோ ஒரு குடிகாரன், பொழுது போகாமல் வால்வை அழுத்துகிறான். அவனுக்குச் சிவப்புத் தொப்பி கொடுத்தேன், புண் ஆறாத கட்டைவிரல் ஒன்று கொடுத்தேன், பக்கத்து ஊரில் ஒரு வீடு கொடுத்தேன். அரைப்பக்கம் நன்றாகவே நடந்துவந்தான். சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்ததும், சட்டைப்பையிலிருந்து கேஜை எடுத்தான். குடிகாரன் எதற்குக் கேஜ் வைத்திருக்கிறான் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கிழித்துப் போட்டேன்.

8

போன திங்கட்கிழமை தெல்மா கூப்பிட்டாள். காலை பதினொரு மணிக்குப் போனேன். கொட்டகையைத் திறந்து வைத்திருந்தாள். கார் நின்ற இடம் காலி. சுவரில் சாக்பீஸ் எண்கள் அப்படியே இருந்தன. கையில் அந்தத் தோல் பை.

"போலீஸ்காரங்க இருபதுன்னு போட்டிருக்காங்க டோனி. இங்க இருபத்தாறுன்னு இருக்கு. அன்னிக்குப் படிச்சுச் சொன்னது நான்."

"அதையெல்லாம் ஏன் இப்போ..."

"ஏனா? வியாழக்கிழம என்னக் கேப்பாங்க. கேக்காட்டியும் நான் சொல்லணும். உங்க கேஜக் கொண்டாந்தீங்களா? உங்க டயர்ல ரெண்டையும் வச்சுப் பாருங்க. கேஜ் தப்புன்னா தப்பு கேஜோட போச்சு. கேஜ் சரின்னா தப்பு என் கண்ணு."

என் காரின் பின்சக்கரத்தில் முதலில் என் கேஜை வைத்தேன். இருபத்துநாலு. பிறகு டென்ஸிலின் கேஜ். இருபத்துநாலு. மயிரிழை பிசகவில்லை. ஐம்பது வருஷத்துக் கேஜ்.

அவள் என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அவளால் அந்த முள்ளைப் படிக்க முடியாது. என் முகமாவது சரியாகத் தெரிந்ததா என்று தெரியவில்லை. அவள் மனசில் உள்ள பாரத்தை இறக்கிவைக்க எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது என்று நினைத்தேன். என் பாரத்தைத் தொடாமலே அவள் பாரத்தை இறக்கிவிடலாம்.

"கேஜ்தான் தப்பு தெல்மா," என்றேன். "ஆறு பாயிண்ட் கூடக் காட்டுது. இருபது இருந்தா இருபத்தாறுன்னுதான் காட்டும். உங்க கண்ணு சரியாத்தான் படிச்சிருக்கு."

அவள் முகம் தெளியும் என்று காத்திருந்தேன். அவள் மெதுவாகப் போய்ப் பம்ப் இருந்த பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"அப்போ நான்தான்," என்றாள்.

"இல்ல, கேஜ்னு சொன்னேனே."

"ஜூன் மாசம் அத நான் கீழ போட்டேன் டோனி. தொடச்சு வைக்கலாம்னு எடுத்தேன். வழுக்கிருச்சு. இந்த சிமென்ட் தரையிலதான். இந்தா, இங்க. கண்ணாடி ஒடையல. எடுத்துப் பையில போட்டு ஆணியில மாட்டிட்டேன். டென்ஸில்கிட்ட சொல்லல."

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன். கேட்டது நான்தான், நம்புங்கள்.

"சொன்னா ரிப்பேருக்கு அனுப்புவாரு. ரெண்டு மாசம் ஆகும். இல்லேன்னா புதுசு வாங்குவாரு, பெரிய எழுத்துல தெரியறது, நான் எதுக்குன்னு ஆயிரும். வாரத்துல அந்த அரமணி நேரம்தான் ரெண்டு பேரும் சேந்து எதையாச்சும் செய்வோம். மத்த நேரமெல்லாம் அவரு ஒரு ரூம்ல, நான் ஒரு ரூம்ல. அத விட மனசு வரல." கையிலிருந்த பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா உயிரோட இருப்பாரு."

இந்த இடத்தில் டோனி உண்மையைச் சொல்ல வேண்டும். கதை தெரிந்த யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். கேஜ் சரியாக இருக்கிறது, நான் பொய் சொன்னேன், காற்றை இறக்கியது நான் என்று மூன்றே வாக்கியம். நான் வாயைத் திறந்தேன். "டீ போடட்டுமா?" என்றேன்.

"போடுங்க," என்றாள்.

போட்டேன். சட்டம் போட்ட என் அஞ்சலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தேன். மறுநாளே அவள் விசாரணை அலுவலகத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கேஜைக் கொண்டுவரச் சொன்னார்களாம், சோதித்துப் பார்க்க அனுப்புவார்களாம். அன்று சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "இது உங்ககிட்ட இருக்கட்டும் டோனி. எங்கிட்ட இருந்தா மறுபடியும் போட்டுருவேன்."

9

இன்று புதன். முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) விசாரணையில் டோனி எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறான். இதைத்தான் முதலில் எழுதினேன், நாலு பக்கம். டோனி அற்புதமாகப் பேசுகிறான். குரல் தழுதழுக்கிறது, வேண்டிய இடத்தில் நிறுத்துகிறான். தெல்மா அவனைத் திரும்பிப் பார்க்கிறாள். அவள் பார்வை எப்படி இருந்தது என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டு விட்டிருக்கிறேன். அந்தக் கோட்டை நிரப்ப முடிந்தால் அந்த முடிவை எடுத்துக்கொள்ளலாம்.

(ஆ) டோனி கேஜை அப்படியே கொண்டுபோய்க் கொடுக்கிறான். சோதிக்கிறார்கள். சரியாக இருக்கிறது. அப்படியானால் அந்த அம்மா படித்ததில்தான் பிழை என்கிறார்கள், பரிவோடு. தெல்மா தன் கண்ணைக் குறை சொல்லிக்கொண்டு மிச்ச நாளைக் கழிக்கிறாள். டோனிதான் சோதித்துச் சொன்னான் என்பதை அவள் யோசிக்கக்கூடும், யோசிக்காமலும் விடக்கூடும். அவள் கெட்டிக்காரி. இந்த முடிவில் எனக்குத் தூக்கம் வராது.

(இ) கேஜை டோனி இன்று தரையில் போடுகிறான். என் சமையலறையில் கல் தரை. இடுப்பு உயரத்திலிருந்து இரண்டு முறை போட்டால் முள் எங்காவது இடம் பெயராமல் இருக்காது. அதன்பின் நான் சொன்னது உண்மையாகிவிடும். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். கேஜ் கெட்டது ஜூனில், கெடுத்தது தெல்மா, மறைத்தது தெல்மா. அவளும் அதைத்தான் நம்புகிறாள். எழுதுகிறவனுக்கு இதைவிடச் சுத்தமான முடிவு கிடையாது. ஓட்டை ஒடிசல் இல்லை. இதை எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடியபோது என்மேல் எனக்கு வந்த அருவருப்பை நான் இதுவரை யார்மேலும் பட்டதில்லை.

மூன்றில் ஒன்றை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லி விலகிக்கொள்வது எழுதுகிறவர்கள் வழக்கம். நான் அப்படித் தலையில் கட்டப் போவதில்லை. உங்களுக்கு (அ) தான் சரி என்று தெரியும். எனக்கும் தெரியும். ஜூலையில் டயர் சுட்டபோதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

போன் அடித்தது. இந்தப் பத்திக்கு முன்னால் போய்ப் பேசிவிட்டு வந்தேன். தெல்மா.

"நாளைக்கு எத்தன மணிக்கு வரீங்க டோனி?"

"ஒம்போதுக்கு."

"மழை வரும்ங்கறாங்க. மெதுவாப் போலாம். கேஜ் பத்திரமா இருக்கா?"

"மேசைமேல இருக்கு."

"மேசைமேலயா? ஒரு துண்டுல சுத்தி வைங்க. கண்ணுக்குத் தெரியாம தட்டிவிட்டுட்டா? ஒன்னு கேக்கறேன், முடியாதுன்னா சொல்லிருங்க. நாளைக்கு நான் எந்திரிச்சுப் பேசறப்போ பக்கத்துலயே நிப்பீங்களா? உங்களத் தவிர எனக்கு அங்க தெரிஞ்சவங்க யாரும் இல்ல."

"நிக்கறேன்," என்றேன்.

"நீங்க இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேனோ," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவள் சொன்னபடி துண்டு ஒன்று எடுத்துவந்திருக்கிறேன். துண்டைப் பிடிக்க ஒரு கை வேண்டும், கேஜைத் தூக்க ஒரு கை வேண்டும். சுற்றுவதாக இருந்தாலும் சரி, கீழே விடுவதாக இருந்தாலும் சரி, இரண்டு கையும் தேவை. எழுதிக்கொண்டிருக்கும்வரை இரண்டில் எதையும் செய்ய முடியாது. அதனால்தான் இரண்டு நாளாக எழுதிக்கொண்டே இருக்கிறேன் என்று இப்போது புரிகிறது. இன்னும் ஒரு வரி எழுதலாம், அதற்கு மேல் ஒரு வரி எழுதலாம்.

வேண்டாம். பேனாவை வைக்கிறேன்.